திருமூர்த்தி எடுத்த பந்து

பையை அந்தக்கட்ட வைக்காதீங்க, பின்னால உக்காந்திருக்கறவன் கை எட்டும். நம்ம தலைக்கு நேரா வச்சிருங்க. ஆங், அப்படித்தான். நல்லதுங்க. நானே தூக்கி வச்சிருப்பேன், அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான் பாருங்க, அதான் உங்களைக் கேட்டேன். இன்னொண்ணு, தப்பா நெனைக்கலைன்னா ஜன்னலோரத்தை எனக்குக் குடுங்க. காத்துக்கு இல்லீங்க. வலது பக்கம் ஆள் இடிச்சா எனக்கு ஆகாது. எவன் எதுக்கு இடிக்கறான்னு யாருக்குத் தெரியும்.

நான் உடுமலைக்குப் போறேன். நீங்க? பழனிக்கா. சரி. உடுமலையில பள்ளிக்கூட வாத்தியாருங்க யாரையும் தெரியுமா? விளையாட்டு வாத்தியாரு? தெரியாது. நெசமாத் தெரியாதுல்ல? அப்ப உங்ககிட்டப் பேசலாம்.

ஒருத்தனை ஒரே ஒரு கேள்வி கேட்கப் போறேனுங்க. ஏண்டா அந்தப் பந்தை எடுத்த? அவ்வளவுதான் கேள்வி. அவன் முழிக்கற முழியைப் பாத்துப்போட்டு, பையில ஒரு கவர் இருக்குது, அதை அங்கயே தபால் ஆபீஸ்ல போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுருவேன். இன்னிக்குத் தேதி முத்திரை விழுகணும். விழுந்துதுன்னா அவன்ற கதை முடிஞ்சுது.

கண்டக்டர் வர்றாப்ல. உடுமலை ஒண்ணு. இந்தாங்க.

பாத்தீங்களா, வலது கையில குடுங்கன்னு எப்படி வெடுக்குன்னு சொல்றான்னு. அவன் இடது பக்கம் வந்து நின்னா நான் இடது கையிலதான் குடுக்க முடியும். மரியாதை தெரியாதவன்னு நெனைச்சுட்டுப் போறான், போகட்டும். டிக்கெட்டை நல்லாப் பாத்து வாங்குங்க, ஊர் மாத்திக் கிழிப்பானுங்க.

எனக்கு சுந்தராபுரத்துல மோட்டார் காயில் கட்டற கடைங்க. பேரு மகுடீஸ்வரன். இருபத்தி மூணு வருஷமாக் கட்டறேன். மோட்டார் கொண்டு வர்றவன் ஒருத்தனும் நெசம் பேச மாட்டான். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது, தானாப் புகை வந்துதும்பான். நான் பதில் பேச மாட்டேன். சுவிட்சைப் போட்டுக் காதைக் குடுப்பேன். எந்தச் சுத்து கருகியிருக்குது, எத்தனை நாளாக் கருகிட்டு இருக்குதுன்னு சத்தத்துலயே தெரிஞ்சுரும். ஆள் பொய் சொல்லலாம், காயில் சொல்லாது. அந்தப் பழக்கம்தான் எனக்கு. கோகிலா, என்ற ஊட்டுக்காரி, உங்களுக்கு மனுசங்க மேல நம்பிக்கையே கெடையாதும்பா. அவளுக்கு நான் எங்க போறேன்னு தெரியாது. தெரிஞ்சா திருமூர்த்திக்குப் போன் அடிச்சுருவா.

திருமூர்த்திங்கறதுதான் அந்த ஆளு, உடுமலைப் பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரு. பத்தொம்பது வருஷம் ஒண்ணா ஆடினோமுங்க. மொதல்ல பூப்பந்து. முன்னால அவன், பின்னால நான். மாவட்டத்துல எங்களைத் தெரியாத கிரவுண்டு இல்ல. அப்புறம் டெல்லியில இருந்து ஒரு சங்கத்துக்காரர் வந்தார், பெலோட்டான்னு ஒரு ஆட்டம் இருக்குது, உலகப் போட்டிக்கு டீம் அனுப்பணும், இந்தியாவுல ஆடறவனே இல்ல, பூப்பந்துக்காரங்களுக்குக் கை வரும்னார். பெலோட்டான்னா என்னன்னு அவருக்கே போன்ல படம் பாத்துத்தான் தெரியும்.

பாஸ்க்காரங்கன்னு இருக்கறாங்க, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவுல மலைநாடு. அவங்க ஆட்டம் அது. முன்னால உசரமா ஒரு சுவர், இடது பக்கம் நீளமா ஒரு சுவர், பின்னால ஒண்ணு. வலது பக்கம் தெறந்து கெடக்கும், சனம் உக்காந்து பாக்கும். வலை கெடையாது. ரெண்டு ஜோடியும் ஒரே பக்கம் நின்னுட்டு, மரமட்டையில மாத்தி மாத்தி முன்சுவத்துல அடிக்கணும். திரும்பி வர்ற பந்தை ரெண்டாவது தடவை தரையில படறதுக்குள்ள எடுக்கணும். ஜோடியில ஒருத்தன் சுவத்துக்குக் கிட்ட, ஒருத்தன் பின்னால. நாங்க சிங்காநல்லூர்ப் பக்கம் ஓடாமக் கெடக்கற மில்லுச் சுவத்துல ரெண்டு வருஷம் பழகினோம்.

இதுல ஒண்ணு கவனிச்சுக்கங்க. முன்னால நிக்கறவன் பின்னால திரும்பவே கூடாது. திரும்பினா மூஞ்சியில பந்து வாங்குவான். பின்னால நிக்கறவனுக்கு எல்லாமே தெரியும். அவன்ற முதுகு, கால், மட்டையைப் பிடிக்கற பிடி, எல்லாம். அதனால நான் சொல்றதை நம்பலாமுங்க. அவன் பண்ணினது பூராவும் நான் பின்னால நின்னு பாத்தவன்.

போறதுக்கு முன்னால ஒரு பாரத்துல கையெழுத்து வாங்கினாங்க. உடம்புல ஒரு குறையும் இல்லைன்னு நாமளும் எழுதணும், டாக்டரும் எழுதணும். மறைச்சது தெரிஞ்சா ஆயுசுக்கும் ஆட விட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டர், கடைக்கு எதிர்ல இருக்கறவர், ஆளைப் பாக்காமலே போட்டுக் குடுத்தார். ஒரு குறையும் இல்லீங்க. இருந்தாத்தானே பாக்கறதுக்கு.

கோயமுத்தூர் ஏர்போர்ட்லயே அவன்ற போக்கு மாறிப்போச்சு. என்ற பையை அவனே எடுத்துத் தோள்ல போட்டுக்கறான். குடுடான்னா குடுக்க மாட்டேங்கறான். பத்தொம்பது வருஷத்துல என்னிக்காவது என்ற பையைத் தூக்கியிருக்கறானா? உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறதுக்கு இல்லைன்னா எதுக்குத் தூக்கறான்? மூணு ஏர்போர்ட் மாறினோம், மூணுலயும் அவன்கிட்டத்தான் பை. நான் பின்னாலயே போய்க் கண்ணை எடுக்காமப் பாத்துட்டே இருந்தேன்.

போட்டி நடந்தது பாஸ்க்காரங்க ஊருல, சின்ன ஊருங்க, கிணத்துக்கடவு அளவுக்குத்தான் இருக்கும். ஆனா கோயிலுக்குப் பக்கத்துலயே பெலோட்டாச் சுவர். வயசான பொம்பளைங்க கூட நின்னு பாத்து, கால் தப்பு, கை தப்புன்னு சொல்றாங்க. எங்க பிரிவுல ஏழு நாடு வரணும், ஒண்ணு வரவே இல்ல. ஆறு டீம்தான். அதனால ரெண்டு ஜெயிச்சு ரெண்டு தோத்து நாங்க மூணாவது இடத்துக்கு ஆடற ஆட்டத்துக்கு வந்துட்டோம். சிரிக்காதீங்க. உலகப் போட்டியில வெண்கலம். எதிர்ல உருகுவேக்காரங்க.

அந்த நாலு ஆட்டத்துலயும் அவன் என்ன பண்ணினான் தெரியுமுங்களா? என்ற பந்தைப் பறிச்சான். எனக்கு வர்ற பந்து, தலைக்கு மேல வர்ற பந்து, அதுக்குப் பின்னாலயே ஓடி வந்து எகிறி எகிறி அடிச்சான். நாக்குத் தள்ளிப்போச்சு அவனுக்கு. என்ன சொல்றது, பேர் வாங்கறதுக்கு. அங்க இருந்த பத்திரிகைக்காரன் அவனைத்தான் படம் எடுத்தான். நான் போட்டோவுல பின்னால பொட்டு மாதிரி நிக்கறேன்.

அப்புறம் மருந்துக்கடை விஷயம். நான் ரோட்டுக்கு அக்கட்ட நிக்கறேன், கண்ணாடிக்குள்ள அவன் தெரியறான். கடைக்காரம்மாகிட்ட பாஷை தெரியாம, கையை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி என்னமோ கேக்கறான். அந்தம்மா ஒரு பொட்டலம் குடுத்துது. வெளிய வந்தவன்கிட்ட, என்னடா வாங்கினன்னு கேட்டேன். தலைவலி மாத்திரைன்னான். தலைவலிக்கு எவனாவது கையை ஆட்டிக் கேட்பானா?

பொழுதோட என்ற பையைத் தெறந்தா, துண்டுக்கு நடுவுல ஒட்டற பட்டி ஆறு, தைல வாசம் அடிக்குது. ஊக்கமருந்துச் சோதனை இருக்குதுல்லீங்க, அதுல என்னை மாட்டி விடறதுக்கு வச்சிருக்கறான். தொட்டாக்கூட ஆபத்துன்னு துண்டோட சேத்துக் குப்பையில போட்டேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா உஷாராயிருவான்.

பொள்ளாச்சி வந்துருச்சு. பத்து நிமிஷம் போடுவான். நீங்க எறங்க வேண்டாம், எடத்தைப் பிடிச்சுருவானுங்க. இந்தா, தம்பி, ரெண்டு டீ குடுப்பா ஜன்னல்ல. இல்லீங்க, நீங்க பிடிச்சு எனக்குக் குடுங்க. சூடா இருக்குது, இந்தக் கையில குடுங்க.

எதுல விட்டேன்? பந்து. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தோல்பந்துங்க அது. நடுவுல ரப்பர், அதுக்கு மேல கம்பளி நூல் சுத்தியிருப்பாங்க, அதுக்கு மேல ஆட்டுத்தோல் தெச்சிருப்பாங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நூல் இறுக்கமாச் சுத்தியிருந்தா உசிருள்ள பந்து, சுவத்துல பட்டா பின்சுவர் வரைக்கும் பறக்கும். தளர்ச்சியாச் சுத்தியிருந்தா செத்த பந்து, முன்னாலயே விழுந்துரும். சுத்தற வேலையில இருபத்தி மூணு வருஷம் இருக்கறவன் நான், எனக்குப் பந்தைக் கையில வாங்கினாலே உள்ள எப்படின்னு தெரியும்.

ஆட்டத்துக்கு மொத நாள் காலையில ஒரு பெட்டி நெறையப் பந்து கொண்டு வந்து வைப்பாங்க. ரெண்டு ஜோடியும் வந்து, தட்டிப் பாத்து, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கணும். அந்த நாலையும் நடுவர் ஒரு பையில போட்டுக் கட்டி சீல் வச்சுருவார். மறுநாள் சர்வீஸ் போடற ஜோடி அந்த நாலுல எதை வேணா எடுத்து ஆடலாம். எந்தப் பந்து எடுக்கறதுங்கறதுலயே பாதி ஆட்டம் முடிஞ்சுரும்னு அங்க சொல்லுவாங்க.

எங்க ஜோடிக்குத் திருமூர்த்தி பொறுக்கினான். நான் தள்ளி நின்னேன். ஒரு பந்தைத் தரையில போட்டான், இடுப்பு வரைக்கும் எந்திரிச்சுது. திரும்பப் பெட்டியிலயே வச்சுட்டான். இன்னொண்ணு போட்டான், நெஞ்சு வரைக்கும் வந்துது. நல்ல பந்து, தங்கமான பந்து. அதையும் வச்சுட்டான். அப்ப அந்த உருகுவேக்காரன், ராமோன்னு பேரு, தாடி வச்சவன், பெட்டியிலிருந்து ஒண்ணை எடுத்து இவன் கையில குடுத்து என்னமோ சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. இவன் அதைத் தரையில போட்டான். முட்டிக்குக் கீழ நின்னுருச்சுங்க. செத்த பந்து. சோளமாவு உருண்டை. அதையே எடுத்தான். ரெண்டாவதும் அதே மாதிரி ஒண்ணு தேடிப் பொறுக்கினான்.

எதிராளி குடுக்கற பந்தை வாங்கி வச்சுக்கறவனை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?

ஏண்டா, அது செத்த பந்துன்னேன். தெரியும்டா மகுடு, அதுதான் நமக்குச் சரிப்படும்னான். யாருக்குச் சரிப்படும்? செத்த பந்துல ஆடினா எல்லாம் முன்னாலயே விழுகும். முன்னால நிக்கறவனுக்கு உசிர் போகற வேலை, பின்னால நிக்கறவன் கையைக் கட்டிட்டு நிக்கலாம். அப்ப என்ன அர்த்தம்? ஒண்ணு, வித்துட்டான். இல்லைன்னா, முழுப் பேரும் தனக்கே வரணும்னு பாத்துட்டான். ரெண்டுல ஒண்ணு. மூணாவது ஒண்ணு இருந்தா நீங்களே சொல்லுங்க.

மறுநாள் ஆட்டம். மொத செட்டு பதினஞ்சு பாயிண்டு. அவங்க சர்வீஸ் வந்தா உசிருள்ள பந்து, எங்க சர்வீஸ் வந்தா இவன்ற செத்த பந்து. செத்த பந்துல இவன் தரையோட தரையா விழுந்து விழுந்து எடுத்தான், முட்டியெல்லாம் ரத்தம். பதினஞ்சு பன்னண்டு, நாங்க ஜெயிச்சோம். ஆமாங்க, ஜெயிச்சோம். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். மொத செட்டை ஜெயிச்சுக் காட்டிட்டு அடுத்ததுல கவுக்கறதுதானே வழக்கம்?

எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. பூப்பந்து நாள்ல இருந்தே. சர்வீஸ் அவன் போடுவான், பந்தை நான் எடுத்துக் குடுப்பேன். அவன் திரும்ப மாட்டான். முதுகுக்குப் பின்னால கையை விரிச்சு நீட்டுவான், நான் கொண்டு போய் வச்சுருவேன். பத்தொம்பது வருஷமா அவன் அந்தக் கையைப் பாக்காமத்தான் நீட்டறான்.

ரெண்டாவது செட்டு மொத சர்வீஸ் எங்களுது. நான் பந்துக்கூடைக்குப் போனேன். நாலு பந்தும் கெடக்குது. நெனைச்சுப் பாத்தேன், இவன் வலை விரிச்சு நான் விழுகறதா? ராமோன் ஜோடி எடுத்த பந்துல ஒண்ணை எடுத்தேன், இவன் வேண்டாம்னு வச்ச, நெஞ்சு வரைக்கும் எந்திரிச்ச அந்தப் பந்து. கொண்டு போய் அவன் கையில வச்சேன்.

அவன் விரலை மூடினான். ஒருக்கா அழுத்திப் பாத்தான். தெரிஞ்சு போச்சுங்க அவனுக்கு, தன்ற பந்து இல்லைன்னு. நான் பாத்துட்டே நிக்கறேன். இப்பத் திரும்புவான், இப்பக் கேப்பான்னு. தோள் ரெண்டும் ஒரு மூச்சு எந்திரிச்சு எறங்குச்சு. திரும்பல. அதையே போட்டான். அதுக்கப்புறம் எங்க சர்வீஸ் வந்தப்பவெல்லாம் நான் அந்தப் பந்தையே வச்சேன், அவனும் வாங்கிப் போட்டுட்டே இருந்தான். குத்தமுள்ள நெஞ்சு, எப்படித் திரும்பும்?

அதுக்கு மேல பந்து பூராவும் எனக்குத்தான் வந்துது. உசரமா, தலைக்கு மேல, பின்சுவத்துல இடிச்சு. வெளக்கு வேற கண்ணுல அடிச்சுது. மட்டை வேர்வையில வழுக்குச்சு. எட்டாவது பாயிண்டுல மேல வந்த பந்துக்கு மட்டை எந்திரிக்கவே இல்லீங்க. எனக்கு அந்த மட்டையே சரியில்ல, யாரோ மாத்தி வச்சிருந்திருக்கறாங்க. ரெண்டாவது செட்டு போச்சு. மூணாவது செட்டு பத்து பாயிண்டுதான், அதுல எங்களுக்கு ரெண்டே ரெண்டு. வெண்கலம் ராமோன் கழுத்துல.

ஊருக்கு வந்த வாரமே டெல்லிக்குப் போன் பண்ணினேன். திருமூர்த்தி ஆட்டத்தை வித்துட்டான்னு சொல்லிப்போட்டேன். விசாரணை வச்சாங்க, போன்லதான், மூணு பேர் கேட்டாங்க. எதுக்குச் செத்த பந்து எடுத்தீங்கன்னு கேட்டதுக்கு அவன் சொன்ன பதில் என்ன தெரியுமுங்களா? நான்தான் எடுத்தேன், காரணம் சொல்ல மாட்டேன்னுட்டான். அவ்வளவுதான். குத்தமில்லாதவன் காரணத்தைச் சொல்லிட்டுப் போக மாட்டானா? ஆயுசுக்கும் தடைன்னு சொன்னாங்க, பள்ளிக்கூடத்துக்கும் எழுதுவோம்னாங்க. அப்பவும் வாயைத் தெறக்கல. இனி நான் எழுத்துல உறுதி பண்ணிக் கையெழுத்துப் போடணும். இன்னிக்குக் கடைசி நாள். அதுதான் கவர்ல இருக்குது. அந்தச் செத்த பந்தும் பையில இருக்குது, சாட்சிக்கு எடுத்து வச்சேன்.

கோமங்கலம் தாண்டிட்டான். இன்னும் சித்த நேரம்தான்.

என்னங்க கேட்டீங்க? தோளா? என்ற தோள்ல எப்ப அடிபட்டுதுன்னா கேக்கறீங்க?

யாரு சொன்னாங்க உங்களுக்கு? நான் ஒரு வார்த்தை சொல்லல. சுந்தராபுரத்துல இருந்து இந்த எடம் வரைக்கும் தோள்ங்கற பேச்சே எடுக்கல. நெசத்தைச் சொல்லுங்க, உங்களுக்குத் திருமூர்த்தியைத் தெரியும். அவன்தான் உங்களைத் தாட்டி விட்டிருக்கறான். பழனிக்குப் போறவர் எதுக்கு எனக்கு ஜன்னலை விட்டுக் குடுக்கறீங்க?

கண்டக்டர்கிட்ட இடது கையில குடுத்தேனா. டீயை இடது கையில வாங்கினேன். பையைத் தூக்கல. வண்டி குலுங்கறப்பல்லாம் பல்லைக் கடிச்சேனா? கடிச்சிருப்பேன். அது போதுமா உங்களுக்கு? ஒண்ணரை மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தது போதுமா?

சித்தப் பேசாம இருங்க.

தைப்பொங்கலுக்கு மொத வாரமுங்க. ஏழரை எச்.பி. மோட்டார், ஆள் வரல, நானே தூக்கினேன். உள்ள என்னமோ அறுந்த மாதிரி இருந்துது. கோகிலாவுக்குக் கூடச் சொல்லல. சொன்னா டீமை விட்டு எடுத்துருவாங்க, பாரத்துல எழுதினது பொய்யாயிரும். யாருக்கும் தெரியாதுன்னுதான் இருந்தேன். அவனுக்கும் தெரியாது. அவன் முன்னால நிக்கறவன், திரும்பிக்கூடப் பாக்காதவன், அவனுக்கு எப்படித் தெரியும்?

சத்தம். மட்டையில படற சத்தம். நான் மோட்டார்ல கேக்கற மாதிரி.

அந்த மருந்துக்கடையில அவன் கையை ஆட்டினான்னு சொன்னேன் பாருங்க. முழுக்கையையும் ஆட்டினான். தோள்ல இருந்து. கெரகம், ஆறு பட்டியையும் குப்பையில போட்டேன்.

காரணம் சொல்ல மாட்டேன்னுட்டான். சொன்னா நான்தானே மாட்டுவேன்.

இல்ல, இருக்கட்டும். நான் அப்படியெல்லாம் ஒத்துக்க மாட்டேன். நேர்ல போய்க் கேக்கறேன். பொய் சொன்னா மூஞ்சியில தெரிஞ்சுரும். தெரியுமான்னு தெரியல. பத்தொம்பது வருஷமா அவன்ற முதுகைத்தான் பாத்திருக்கறேன், மூஞ்சியைப் பாத்து ஒரு கேள்வி கேட்டதில்ல.

உடுமலை வந்துருச்சு. பையை எறக்கிறீங்களா? மெதுவா, பந்து இருக்குது. முன்னால ஜிப்பைத் தெறந்தீங்கன்னா பழுப்புக் கவர் ஒண்ணு இருக்கும். அதை நீங்க எடுத்துக்கங்க. நெசமாத்தான் சொல்றேன். பழனி போய்க் கிழிச்சுப் போடுங்க. என்கிட்ட இருந்தா அவன் வாசல் வரைக்கும் போனதுக்கப்புறம் கூட எனக்குச் சந்தேகம் வந்துரும், என்னை நம்ப முடியாதுங்க.

இல்லீங்க, பையை அந்தக் கையில வேண்டாம். அது தூக்காது. இடது கையில குடுங்க.